பார்வைக்கு நிறுத்தப்பட்ட வண்டி

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வாக்கியத்தின் மேல் போடப்பட்ட பச்சை மைக் கோட்டிலிருந்து அது பிறந்தது.

வட்டார மன்றத்தில் பதினேழு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். யார் என்ன பேசினாலும் கேட்டு, பதம் பண்ணி, சண்டையைக் 'கருத்துப் பரிமாற்றம்' என்றும், கூச்சலை 'விரிவான விவாதம்' என்றும், கோபித்துக்கொண்டு போனவரை 'அவசரப் பணி நிமித்தம் விடைபெற்றார்' என்றும் மாற்றுவது என் தொழில். ஆகவே புனைவு எனக்குப் புதிதல்ல. சம்பளமில்லாமல் எழுதுவதுதான் புதிது.

வீட்டு வரியை உயர்த்துவது பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. அதில் ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஒருவர் கொஞ்சம் பேசினார். நான் எழுதினேன். மறுநாள் குறிப்பைப் படித்த தலைவர் அந்த இடத்தில் மட்டும் கோடு போட்டார். "இது நிகழ்ச்சி நிரல்ல இல்லாதது, எடுத்துடுங்க" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. விதிப்படி சரியாக இருக்கிற விஷயங்கள்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை. [இந்த வாக்கியம் கொஞ்சம் அதிகம். நான் நன்றாகவே தூங்குகிறேன். பிறகு அடிக்கிறேன்.]

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் திண்டாடினேன். முதலில், "மாலை வானம் இரத்தச் சிவப்பாக" என்று எழுதினேன். வானத்தை நான் பார்க்கவேயில்லை. எங்கள் கூடத்தில் ஜன்னலை மறைத்துப் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும். அடுத்து, "வரி என்பது அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான ஒரு" என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

2

எங்கள் ஊரை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே அலுவலகங்களும் கடைகளும். மேற்கே வீடுகள். நடுவில் ஒரே ஒரு பாலம். அதில் எப்போதும் ஏதாவது ஒரு லாரி பழுதாகி நிற்கும். முன்பு இரண்டு ஆம்புலன்ஸ் இருந்தன. ஒன்றின் எஞ்சின் போய், அது இப்போது மன்றத்தின் பின்புறம் துடைப்பம் வைக்கிற அறையாக இருக்கிறது. மிச்சமிருக்கிற ஒன்று மேற்கே, வீடுகளுக்கு நடுவில் ஒரு கொட்டகையில் நிற்கும். மேற்கே எந்த வீட்டுக்கும் ஏழெட்டு நிமிடத்தில் போய்விடலாம்.

இன்னொரு வண்டி வாங்க வேண்டும், ஓட்ட ஆள் போட வேண்டும். அதற்காக வீட்டு வரியை ஆறு சதவீதம் உயர்த்தலாம் என்று நிதி அலுவலர் கணக்குப் போட்டார். நல்ல மனிதர். கணக்கு என்று வந்துவிட்டால் எதிரே மனிதர்கள் இருப்பதை மறந்துவிடுவார், அவ்வளவுதான்.

சும்மா வரி கேட்டால் யார் கொடுப்பார்கள்? எதற்காகக் கேட்கிறோம் என்று கண்ணால் காட்டினால் என்ன என்று யாரோ ஒருவருக்கு யோசனை தோன்றியது. கிழக்கே, கூட்டம் நடக்கும் கூடத்தின் வாசலில் ஆம்புலன்ஸைப் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்துவது என்று முடிவு செய்யப்பட்டது. கடிதம் அனுப்பப்பட்டது. வண்டி வரவழைக்கப்பட்டது. அதன் முகப்பில் 'உங்கள் வரி உங்கள் உயிர்' என்ற துணிப் பதாகை கட்டப்பட்டது.

(அலுவலகத் தமிழில் எழுவாய்க்கு வேலை இல்லை. எல்லாம் செய்யப்படும், எவரும் செய்வதில்லை. மழைக்குக் குடை மாதிரி, தவறு நடந்தால் செயப்பாட்டுவினை.)

3

கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கியது. கூடத்தில் நூற்றிருபது நாற்காலி. வந்தவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து ஆளுக்கு ஆள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் பேரனைப் படுக்கையில் படுக்கவைத்துப் படம் எடுத்தார். ஓட்டுநர் ஓரமாக நின்று, கருவிகளைத் தொடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட மூத்தவர்களும். பேச விரும்புகிறவர்கள் பட்டியலில் அவரும் பெயர் கொடுத்திருந்தார். வரிசை எண் இருபத்து மூன்று. ஆளுக்கு மூன்று நிமிடம்.

நிதி அலுவலர் திரையில் படம் போட்டு, இந்த வரி உயர்வு ஒரு சராசரி வீட்டுக்கு நாளொன்றுக்குக் கால் டம்ளர் தேநீரின் விலைதான் என்றார். தேநீர் பற்றி அவர் வாயைத் திறந்திருக்கக் கூடாது. எந்தக் கடைத் தேநீர் என்று ஒருவர் கேட்டார். அவர் போட்டிருக்கும் விலை மூன்று வருடத்துக்கு முந்தையது என்று இன்னொருவர் எழுந்தார். தேநீர்க்கடைச் சங்கத்தின் செயலாளர், கால் டம்ளர் என்று ஓர் அளவே தங்கள் தொழிலில் கிடையாது என்று ஆட்சேபித்தார். தேநீர் மட்டும் முப்பத்தைந்து நிமிடம் போனது. என் குறிப்பில் அது 'விலைவாசி குறித்து உறுப்பினர்கள் கவலை தெரிவித்தனர்'.

வரி எதிர்ப்புக் குழுவின் தலைவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். டயர் கடை வைத்திருக்கிறார். வரிசையில் ஏழாவதாகப் பேச வந்தார். உடம்பு மைக்கைவிடப் பெரிது, குரல் மைக்கே வேண்டாத குரல்.

"ஆம்புலன்ஸ் வேணாம்னு இங்க யாராவது சொன்னோமா? வேணும். ரெண்டு வேணும். காசு கேக்காதீங்கன்னுதான் சொல்றோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பிறகு 'திருத்தம்' எழுந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு திருத்தம் கொண்டுவருவார் என்பதால் அந்தப் பெயர். இரங்கல் தீர்மானத்துக்கே ஒரு முறை திருத்தம் கொண்டுவந்தவர். 'ஆறு சதவீதம்' என்பதை 'ஆறு சதவீதத்துக்கு மிகாமல்' என்று மாற்ற வேண்டும் என்றார். மிகாமல் என்பது ஒரே சொல்லா, பிரித்து எழுத வேண்டுமா என்று தலைவர் என்னைப் பார்த்தார். ஒரே சொல் என்றேன். அன்று கூட்டத்தில் முடிவான முதல் விஷயம் அதுதான்.

4

நான்கேகால் மணிக்கு, கூடத்துக்குள் தன் முறைக்காகக் காத்திருந்த அக்காவின் தொலைபேசி அடித்தது.

மேற்கே, பாலத்துக்கு அப்பால் மூன்றாம் தெருவில், ஓர் எலக்ட்ரீஷியனுக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி, வலது கை தொங்கிவிட்டது. அவருடைய மனைவிதான் கூப்பிட்டார். அக்கா மறு வார்த்தை பேசாமல் வாசலுக்கு ஓடினார். அப்போது பத்தாம் எண்காரர் பேசிக்கொண்டிருந்தார்.

வண்டி அசைய முடியவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களின் பைக்குகளும் கார்களும் முன்னும் பின்னும் நெருக்கியடித்து நின்றன. பதாகையின் கயிறு பக்கத்து விளக்குக் கம்பத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. சைரன் சத்தம் கூடத்துக்குள் கேட்டது. நிதி அலுவலர் முகத்தில் ஒரு வெளிச்சம். செய்முறை விளக்கமும் ஏற்பாடாகியிருக்கிறது என்று நினைத்துவிட்டார் போல.

தலைவர் மைக்கில், "வண்டி வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு எடுத்து விடுங்க, கூட்டம் தொடரட்டும்" என்றார். கூட்டம் தொடர்ந்தது.

5

இதுவரை எழுதியதை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அது தப்பாகப் போயிற்று.

"எங்க அண்ணன என்னமோ கோமாளி மாதிரி எழுதியிருக்கீங்க" என்றாள்.

கதைக்கு ஓர் எதிர்த்தரப்பு வேண்டும், அவர் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறேன் என்று விளக்கினேன்.

"சொன்னத எழுதுனீங்க. செஞ்சத எழுதலயே. சைரன் கேட்டதும் மொத ஆளா எழுந்து ஓடுனது யாரு? அப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது உண்மை. ஒரு பாத்திரத்தை முடிவு செய்துவிட்டால் அதற்கு ஒத்துவராததை எழுதுகிற கை தானாகத் தள்ளிவிடுகிறது. ஆகவே நான்காம் பகுதியில் இதைச் சேர்த்துப் படியுங்கள்: மச்சான்தான் முதலில் வெளியே ஓடினார். டயர் கழற்றிப் பழகிய கை. பூட்டியிருந்த பைக்குகளைப் பின்சக்கரத்தைத் தூக்கி ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார். எட்டு பைக். அவருடைய குழுக்காரர்கள் கூடவே ஒரு காரை அலாக்காகத் தூக்கி நகர்த்தினார்கள். பதாகைக் கயிறு அவிழவில்லை என்றதும் பையிலிருந்த கத்தியால் 'உங்கள் வரி' என்பதற்கும் 'உங்கள் உயிர்' என்பதற்கும் நடுவில் கிழித்துவிட்டார். நானாக இட்டுக்கட்டியிருந்தால் இவ்வளவு பொருத்தமாக எழுத வெட்கப்பட்டிருப்பேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது.

பிறகு பாலம். பாலத்தில் ஒரு லாரி.

6

அக்கா ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்தார். நோயாளியைப் பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நேரே வந்திருந்தார். கூடத்தில் அப்போது திருத்தத்துக்கு ஒரு திருத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுக்கு மிகாமல் என்றால் பூஜ்யமும் அதில் அடங்குமா என்று மச்சான் தரப்பில் கேட்டார்கள். பூஜ்யம் ஆறுக்கு மிகாத எண்தான் என்று திருத்தம் உறுதி அளித்தார். இரண்டு தரப்பின் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா நடைபாதையில் நின்றார். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. இருபத்து மூன்றாம் எண் கூப்பிடப்பட்டபோது அவர் இல்லாததால் வாய்ப்பு முடிந்துவிட்டது என்று தலைவர் மரியாதையாகவே சொன்னார். விதி அது. பூட்டுக் கடைக்காரர் ஒருவர் தன்னுடைய மூன்று நிமிடத்தை அவருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். நிமிடங்களை மாற்றிக் கொடுக்க விதியில் இடமில்லை. மைக் அணைக்கப்பட்டது.

அக்கா மைக் இல்லாமலே பேசினார். சத்தம் போடவில்லை. என் மேசைக்கு நான்கடி தூரத்தில் நின்றதால் எனக்கு நன்றாகக் கேட்டது.

"நான் வரி பத்திப் பேச வரல. ஒண்ணு மட்டும் எழுதிக்கங்க. வண்டி அது நிக்கற எடத்துல நின்னிருந்தா ஏழு நிமிஷத்துல போயிருப்பேன். இங்க நின்னதால பத்தொம்பது ஆச்சு. பன்னெண்டு நிமிஷம் அந்த மனுஷன் தரையில கெடந்தாரு."

எழுதிக்கொண்டேன். பிறகு தலைவர், அவருடைய சேவையை மன்றம் பாராட்டுகிறது என்றார். கைதட்டினார்கள். எனக்குத் தெரிந்து அக்கா கைதட்டல் முடியும்வரை நிற்கவில்லை.

ஆறு மணிக்கு மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஆம்புலன்ஸ் சேவை இன்றியமையாதது: ஒருமனதாக. அதற்காக வீட்டு வரியை ஆறு சதவீதத்துக்கு மிகாமல் உயர்த்தலாம்: ஒருமனதாக. அந்த உயர்வு இப்போதைக்குப் பூஜ்யம் சதவீதம்: ஒருமனதாக. வரி உயர்வு நிறைவேறிவிட்டது என்று அதிகாரிகள் இனிப்புச் சாப்பிட்டார்கள். ஒரு காசும் உயரவில்லை என்று மச்சான் கடையில் இனிப்புக் கொடுத்தார். எனக்கு இரண்டு இடத்திலும் கிடைத்தது.

7

இரண்டாம் பகுதியில் 'யாரோ ஒருவருக்கு யோசனை தோன்றியது' என்று எழுதியிருந்தேன் அல்லவா.

எனக்குத்தான் தோன்றியது.

நிதி அலுவலர் என் மேசைக்கு வந்து, மக்கள் மனதில் பதிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள், நீங்கள் எழுதுகிறவர் ஆயிற்றே என்றார். எழுதுகிறவர் என்று அதற்கு முன் யாரும் என்னைச் சொன்னதில்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று. வண்டியை வாசலில் நிறுத்தலாம் என்றேன். பதாகை வாசகமும் என்னுடையதே. கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்: 'வாகனம் அன்று முழுவதும் பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தப்பட வேண்டும்.' அக்கா தொலைபேசியில் கூப்பிட்டு, மேற்கே ஏதாவது அவசரம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். ஒரு சாயங்காலத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நான் சொன்

[இந்த வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை உட்கார்ந்தேன். இப்படியே இருக்கட்டும்.]

8

கதைக்கு வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அக்கா பேசியதைக் கேட்டுக் கூடமே கண்கலங்குகிறது. மச்சான் எழுந்து, "வரியப் போடுங்கய்யா" என்கிறார். நான்கு பக்கம் போனது. மறுநாள் படித்தால் மன்றத்தின் ஆண்டு மலரில் வர வேண்டியது மாதிரி இருந்தது.

இன்னொன்றில் எலக்ட்ரீஷியன் இறந்துவிடுகிறார். இதில் நம்பகத்தன்மை அதிகம். அவர் இறந்திருந்தால் அடுத்த வாரமே அவசரக் கூட்டம், படத்திறப்பு, வரி உயர்வு எல்லாம் நடந்திருக்கும். புது வண்டிக்கு அவர் பெயரே வைத்திருப்பார்கள். ஆனால் அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். வலது கையும் பாதிப் பேச்சும் மட்டும் போயின. ஒரு கைக்காக அவசரக் கூட்டம் போட விதியில் இடமில்லை.

9

நடந்தது இது. பத்து நாள் கழித்து அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. வாகனம் நோயாளியின் வீட்டை அடைய வழக்கத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் தாமதமானதன் காரணத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்க வேண்டும். விசாரணை அதிகாரி, நிதி அலுவலர். அடித்த வாக்கியத்திலிருந்து அந்தப் பன்னிரண்டை மட்டும் யாரோ பத்திரமாக எடுத்துவைத்திருந்தார்கள்.

(இந்த 'யாரோ' நான் இல்லை. நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.)

அக்கா மெமோவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்; அலுவலகத் தமிழ் அவருக்கு வராது. என் எதிரே உட்கார்ந்து, "அன்னிக்கு நான் சொன்னத எழுதுனீங்கல்ல, அதுல ஒரு காப்பி குடுங்க. அத வெச்சாப் போதும்" என்றார்.

அது அடிக்கப்பட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"சரி. அப்ப வண்டியக் கொண்டாரச் சொல்லி லெட்டர் அனுப்புனீங்களே. என்கிட்ட இருந்தது அந்தக் கொட்டகையில எங்க போச்சோ தெரியல. அது இருக்கா?"

இருந்தது. அலுவலகப் பிரதி என் அலமாரியில் இருந்தது. அடியில் தலைவர் கையெழுத்து. ஓரத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில், என் சுருக்கொப்பம். இல்லை என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. தேடிப் பார்க்கிறேன் என்றேன். கையெட்டும் தூரத்தில் இருக்கிற கோப்பைத் தேட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வீரன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் நகல் எடுத்து, நேரே அவருடைய கொட்டகைக்குப் போய்க் கொடுத்தேன். அவர் வண்டியின் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை மேலிருந்து கீழே படித்தார். என் சுருக்கொப்பத்தில் விரலை வைத்து, "இது நீங்கதானே?" என்றார்.

"ஆமா. போன்ல சொன்னதும் நான்தான்."

"தெரியும். கொரல் தெரியாதா" என்றார். தாளை நனையாமல் மடித்து வைத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அந்த ஒரு தாளோடு விளக்கம் போனது. தலைவர் கையெழுத்தைப் பார்த்ததும் விசாரணைக்குப் பசி போய்விட்டது. மெமோ திரும்பப் பெறப்பட்டது. வண்டி மேற்கே தன் இடத்தில் நிற்கிறது, இன்னும் ஒன்றுதான். பூஜ்யத்தை எப்போது உயர்த்துவது என்று ஆராய ஐவர் குழு போட்டிருக்கிறார்கள். திருத்தம் அதில் ஓர் உறுப்பினர். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இடமாற்றம் வந்தது. குறிப்பு எழுதும் வேலையிலிருந்து வரி வசூல் பிரிவுக்கு. 'நிர்வாக நலன் கருதி' என்று போட்டிருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் இதைவிட நன்றாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

10

போன வாரம் மூன்றாம் தெருவுக்குப் போனேன். வேலையாக இல்லை. ஏன் போனேன் என்பதற்குக் கதையில் ஒரு காரணம் வேண்டும்; எனக்குத் தெரிந்த காரணம், போகாமல் இருக்க முடியவில்லை என்பதுதான்.

முன்னறையில் எலக்ட்ரீஷியன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு துண்டு ஒயரைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் மேலுறையை உரிக்கப் பழகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தட்டில், சரியாக வராத துண்டுகள் நிறையக் கிடந்தன. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். என் கழுத்தில் மன்றத்தின் அடையாள அட்டை தொங்கியது; கழற்ற மறந்துவிட்டேன். அதில் 'வரி வசூல் பிரிவு' என்று படித்ததும் அவர் முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போனார்; அலமாரியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது; ஒரு பிளாஸ்டிக் உறையோடு திரும்பி வந்தார். உறையிலிருந்து தாளை எடுத்து என் கையில் வைத்தார். வீட்டு வரி ரசீது.

"இந்த வருசத்துக்கு முழுசாக் கட்டிட்டோம் சார். இவரு ஆஸ்பத்திரியில இருந்தப்பவே நான் போய்க் கட்டிட்டேன். பாக்கி எதுவும் இல்லையே?"

அவர் பதிலுக்காக நின்றார். எலக்ட்ரீஷியனும் ஒயரை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

இங்கே நான் ஏதோ சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் திரும்பி வந்திருக்க முடியாது. ஆனால் அதை நான் எழுதினால் பதம் பண்ணிவிடுவேன், பழக்கம் அப்படி. நீங்கள் எழுதுங்கள். ரசீது உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.